ஓய்வு மாதம்

ஜனவரி 19

பொங்கல் விடுப்பு முடிந்து இன்றுதான் ஆய்வகத்துக்குப் போனேன். மூன்றாம் அடுக்குக் கூண்டுகளில் இருக்கும் எலிகளுக்கு விடுப்பு நெடுக மருந்து போகவில்லை. கம்பெனி அனுப்பிய பெட்டி விமான நிலையச் சரக்குக் கிடங்கிலேயே கிடந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு எடுத்துவர ஆளில்லை. கையிருப்பு மேலே இரண்டு அடுக்குகளுக்குச் சரியாகப் போய்விட்டதாம். ஊரில் கரும்பு கடித்துக்கொண்டிருந்த எனக்கு ஒருவர்கூட ஒரு போன் செய்யவில்லை.

"அந்த அடுக்கைக் கழிச்சிடுங்க ஆவுடை. டேட்டா கெட்டுப்போச்சு" என்றார் ரகுநந்தன், எங்கள் துறைத் தலைவர். காலண்டரில் ஒரு தேதியைக் கழிப்பது போலச் சொன்னார். அந்த எலிகள் ஒவ்வொன்றுக்கும் மார்பில் புற்று வைத்து வளர்த்தவள் நான்.

கழிக்கவில்லை. மறுபடி மருந்தும் தொடங்கவில்லை. என்னதான் ஆகிறதென்று பார்ப்போம் என்று அப்படியே விட்டேன். வீம்புதான். வேறு காரணம் எழுத வேண்டுமென்றால் பிறகு யோசித்து எழுதலாம்.

வீட்டில் தண்ணீர் இல்லை. லாரி நாளைக்காம்.

பிப்ரவரி 2

"புற்றுநோய்க்கு முற்றுப்புள்ளி: சென்னை விஞ்ஞானிகள் சாதனை." இன்றைய பேப்பரில் அரைப்பக்கம். ரகுநந்தன் நடுவில் சிரிக்கிறார், நான் ஓரத்தில் பாதித் தோளாக நிற்கிறேன்.

அந்த நிருபருக்கு நான் பொறுமையாகச் சொன்னது வேறு. புற்றுக்கட்டி தனியாக வளர்வதில்லை தம்பி, அது ஆள் சேர்க்கும் என்றேன். கீமோகைன் என்று சின்னச் சின்னப் புரதங்கள் இருக்கின்றன. ஒரு செல் இன்னொரு செல்லைக் கூப்பிடுவதற்காக வெளியே விடும் செய்தி அது. முள் குத்தினால் சீழ் வைப்பதும், காய்ச்சலில் வெள்ளணுக்கள் ஓடிவருவதும் அந்தக் கூப்பாட்டினால்தான். கட்டியும் அதே குரலில் கூப்பிடும். எலும்பு மஜ்ஜையிலிருந்து வெள்ளணுக்கள் காயம் என்று நினைத்து ஓடிவரும். வந்த இடத்தில் அதற்கே வேலைக்காரர்களாகிவிடும். ரத்தக்குழாய் போட்டுக் கொடுக்கும். கட்டியைக் கொல்ல வரும் மற்ற அணுக்களை உள்ளே விடாமல் மறிக்கும். எங்கள் கே-17 அந்த வெள்ளணுக்களின் காதை அடைக்கிறது. கூப்பாடு கேட்காது, மஜ்ஜையை விட்டுக் கிளம்பாது. உதவிக்கு ஆளில்லாமல் கட்டி சுருங்குகிறது. எலியில்.

"எலியில்" என்ற சொல்லைத்தான் அவன் விட்டுவிட்டான்.

கோவில்பட்டியிலிருந்து அக்கா போன். "ஏட்டி, எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒம் போட்டோவ ஒட்டிட்டேன். தலைய ஒழுங்காச் சீவிட்டு நிக்கப்படாதா?" என்றாள். அவள் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. போனிலும் மைதானத்தில் பேசுவது போலத்தான் பேசுவாள்.

பிப்ரவரி 6

மூன்றாம் அடுக்கு எலிகளை இன்று அறுத்தேன்.

மார்பில் இருந்த கட்டி பெரிதாக ஒன்றும் வளரவில்லை. நுரையீரலைத் திறந்தேன். வெள்ளை வெள்ளையாக, ரவை இறைத்தது போல. மருந்தே கொடுக்காத எலிகளில்கூட இவ்வளவு பரவி நான் பார்த்ததில்லை.

திரும்பக் கழுவி, திரும்பப் பார்த்தேன். அதேதான்.

மஜ்ஜையில் தேங்கி நின்ற அத்தனை வெள்ளணுக்களும் மருந்து நின்றதும் மொத்தமாக ரத்தத்தில் இறங்கியிருக்கின்றன. கட்டி அத்தனை நாளும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. காது திறந்ததும் எல்லாம் ஒன்றாக ஓடியிருக்கின்றன. அவை போட்ட பாதையிலேயே புற்றணுக்களும் நுரையீரலுக்குப் போயிருக்கின்றன.

பிப்ரவரி 7

ரகுநந்தனிடம் படங்களைக் காட்டினேன். நின்றபடியே பார்த்தார்.

"இது ஆக்சிடென்ட் ஆவுடை. ஆக்சிடென்டை எக்ஸ்பெரிமென்ட்னு சொல்லக்கூடாது."

"திரும்பச் செஞ்சு பாக்கறேன் சார்."

"செய்யுங்க. ஆனா இப்ப இதழுக்குப் போற பேப்பர்ல இது வேண்டாம். கம்பெனிக்காரங்க வேற மதுரையில மனுஷங்களுக்குக் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. குழப்பாதீங்க."

குழப்பமாம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். டீயும் ஆறியிருந்தது.

பிப்ரவரி 15

அக்காவுக்குத் திரும்பி வந்துவிட்டது.

இரண்டு வருடம் முன்பு வலது மார்பை எடுத்து, கீமோ கொடுத்து, முடி முளைத்து, மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கோப்பையும் வாங்கிவிட்டாள். இப்போது நுரையீரலில் இரண்டு இடத்தில். இருமலைத் தூசி என்று சொல்லிச் சொல்லி டிசம்பர் முழுக்கத் தள்ளியிருக்கிறாள். அத்தானும் தலையாட்டியிருக்கிறார். பொங்கலுக்கு நான் அங்கே இருந்தேனே, என் எதிரில்தானே இருமினாள்! அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டயர் கடையில் காற்றுப் போகும் சத்தம் கேட்டே ஓட்டை எங்கே என்று சொல்கிற மனுஷர்.

மார்ச் 14

இரண்டாவது தடவையும் முடிந்தது. இந்த முறை பார்சல் தப்பவில்லை, பொங்கலும் இல்லை. நானே வேண்டுமென்று நிறுத்தினேன். அதே நுரையீரல்.

"பிரமாதம். தனிப் பேப்பராப் போடலாம். அடுத்த வருஷம். நீங்கதான் முதல் பேரு" என்றார் ரகுநந்தன்.

சரி என்றேன்.

கிரைண்டர் ரிப்பேர். நாளைக்கு ஆள் வருவான்.

மார்ச் 22

ஆள் வரவில்லை. கடைமாவு வாங்கினேன். புளிப்பு.

ஏப்ரல் 11

எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் அக்கா போன். குரலில் துள்ளல். "மூச்சு வாங்கல ஆவுடை. இன்னைக்கு கிரவுண்ட ஒரு சுத்து சுத்துனேன். எல்லாம் ஒம் மருந்துதான்."

"எம் மருந்தா?"

"கே-17. மதுரைல குடுக்காகல்லா? ரெண்டு வாரமாத் திங்கேன். ஒங்கிட்டச் சொன்னா நீ வியாக்கியானம் பேசுவன்னு ஒங்க அத்தான்தான் சொல்லாதன்னுட்டாரு."

போனை அத்தானிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் பெயர் மாரிக்கண்ணு. அவரை இதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இன்று கூப்பிட்டுவிட்டேன்.

"கோவப்படாத ஆவுடை. பேப்பர்ல ஒம் படத்தோட வந்துச்சு. தங்கச்சி கண்டுபிடிச்சதுன்னுதான் நம்பிக் கூட்டிட்டுப் போனேன். நீ கண்டுபிடிச்சது கெடுதல் செய்யுமா?"

டிக்கெட் போட்டேன். நாளைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ்.

ஏப்ரல் 13

மதுரை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா இன்னொரு பெண்ணோடு வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தாள். ஜெபமணி, சாத்தூர்க்காரி, வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவள். அவளுக்கு இடதுபக்கம் எடுத்திருக்கிறது. "எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டுதான் டாக்டரம்மா. நான் தச்சா ஒரே ஜாக்கெட்டு போதும்" என்று சிரித்தாள். அக்கா வெள்ளரிப்பிஞ்சு புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். ஜெபமணியின் கணவர் சவரிமுத்து, லாரி டிரைவர், எனக்காக எழுந்து இடம் விட்டார்.

"நீங்களும் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று ஜெபமணியிடம் கேட்டேன்.

"எனக்கு இப்ப லீவுல்லா. ரெண்டு மாசம் தின்னாச்சு. இது ஓய்வு மாசம். ஈரலுக்கு ரெஸ்ட் குடுக்கணுமாம். அது முடிஞ்சு மறுபடி ரெண்டு மாசம்."

ஓய்வு மாசம். எனக்குக் காது அடைத்தது.

அக்காவுக்கு அந்த ஓய்வு மே கடைசியில் வருகிறது.

இந்தப் பரிசோதனையை நடத்துகிற டாக்டர் விமலா சாமுவேலைப் பார்த்தேன். கைப்பேசியில் படங்களைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எத்தனை தடவை பாத்தீங்க?"

"ரெண்டு. மொதல் தடவை தற்செயல். ரெண்டாவது நானே செஞ்சது."

"ரெண்டாவது எப்ப முடிஞ்சது?"

சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஜெபமணி மார்ச் கடைசி வரைக்கும் மாத்திரை சாப்பிட்டா" என்றார். உடனே ஜெபமணிக்கு மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்லி நர்ஸுக்கு உத்தரவு கொடுத்தார். நெறிமுறைக் குழுவுக்கு என்னை அங்கேயே உட்கார வைத்து எழுத வைத்தார். தானும் எழுதினார்.

அந்தம்மாவுக்கு என்மேல் என்ன கோபம்? மறைத்தவர் ரகுநந்தன். நான் ரயிலேறி வந்து சொன்னவள்.

இதை நான் அக்காவுக்காகச் செய்யவில்லை. யாராக இருந்தாலும் செய்திருப்பேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. காலையிலேயே ரகுநந்தன் போன். வாழ்த்துச் சொல்ல இல்லை.

"என்னைக் கேக்காம எப்படி எழுதுவீங்க?"

"பிப்ரவரியில கேட்டேன் சார்."

"எலி மனுஷன் இல்ல ஆவுடை. அது உங்களுக்கே தெரியும்."

"பேப்பர்க்காரன் கேக்கும்போது இதைச் சொல்லியிருக்கலாமே சார்? சுருங்கினப்ப மட்டும் எலி மனுஷனா? பரவினா வெறும் எலியா?"

போனை வைத்துவிட்டார். என் அக்கா வீட்டு அடுக்களையில் நின்று கத்தியிருக்கிறேன். மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ வறுத்துக்கொண்டிருந்த அத்தான் கரண்டியோடு என்னைப் பார்த்தார். அக்காவிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. டாக்டர் விமலா, குழு முடிவு வரட்டும், அரைகுறையாகச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்றார். சென்னைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் 24

குழுவிடமிருந்து பதில் இல்லை.

ஏப்ரல் 29

பதில் இல்லை. என் கணினியில் ஆய்வகச் சர்வருக்குள் நுழைய முடியவில்லை. "அப்டேட் நடக்குது" என்கிறான் கம்ப்யூட்டர் பிரிவுப் பையன், என் முகத்தைப் பார்க்காமல்.

மே 5

முடிவு வந்துவிட்டது. வாசித்ததும் மேஜையை ஓங்கிக் குத்தினேன். சுண்டுவிரல் வீங்கியிருக்கிறது.

"பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டுப் பரிசோதனை உடனடியாக நிறுத்தப்படுகிறது. நோயாளிகள் மீதமுள்ள மாத்திரைகளை மே 8 அன்று ஒப்படைக்க வேண்டும்."

நிறுத்தினால் ஆபத்து என்று எழுதினேன். ஆபத்தா, அப்படியானால் நிறுத்து என்கிறார்கள்! ஒரு முழுப்பக்கம் எழுதியிருந்தேனே, படிப்படியாகக் குறைக்க வேண்டும், குறைக்கும்போதே கீமோ தொடங்கிவிட வேண்டும், வெறுமனே விடக்கூடாது என்று. யார் படித்தார்கள்? முதல் வரியைப் படித்துவிட்டுக் கைகழுவிவிட்டார்கள். கம்பெனிக்கும் இதுதான் வசதி. ரகுநந்தனுக்கும்.

இப்போது அக்கா மாத்திரையை விட்டால் அது நான் எழுதியதால் விட்டதாகும்.

மே 6

கோவில்பட்டி. எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். மடித்ததையே திரும்பப் பிரித்து மடித்தாள்.

"அந்த எலிக்கு நிப்பாட்டாமக் குடுத்துக்கிட்டே இருந்தா எம்புட்டு நாளு உசுரோட இருக்கும்?"

"தெரியாதுக்கா."

"தெரியாதா? ஏன்?"

"குறிச்ச தேதியில நாங்களே கொன்னுருவோம். உள்ள என்ன ஆச்சுன்னு பாக்கணும்ல."

"நல்ல சோலிட்டி ஒனக்கு" என்றாள்.

மஜ்ஜை, வெள்ளணு, கூப்பாடு என்று விளக்கினேன். பாதியிலேயே கையமர்த்தினாள். "புரியுது. பள்ளிக்கூடக் கேட்டைப் பூட்டிப் போட்டாச்சு. பிள்ளைக பூராவும் கேட்டுக்கிட்ட முண்டுது. இப்ப படக்குனு தொறந்து விட்டா ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து ஓடும். கிளாஸ் கிளாஸாத்தான் விடணும். இதச் சொல்ல ஒனக்கு இம்புட்டு நேரமா?"

பிறகு அவள் குரல் இறங்கியது. அக்கா குரலை இறக்கினால்தான் பயம்.

"ஜெபமணிக்கு லீவு விட்டாகளே, அப்ப ஒனக்கு இது தெரியும்."

"ரகுநந்தன் சார்..."

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. ஒன்னக் கேக்கேன். நான் இந்த மாத்திரையத் திங்காம இருந்திருந்தா நீ மதுரைக்கு வந்து சொல்லிருப்பியாட்டி?"

"சொல்லியிருப்பேன்."

"எப்ப?"

உள்ளறையில் அத்தான் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அவளுக்கு உடம்பு சரியில்லை, அதனால் அப்படிப் பேசுகிறாள்.

மே 8

மதுரை. நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

மாத்திரையை ஒப்படைக்கச் சொன்ன அறையில் கம்பெனி ஆள் ஒருவர் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்ற அம்மா பையிலிருந்து எடுத்து நீட்டப் போனார். அக்கா வரிசையிலிருந்து வெளியே வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினாள்.

"குடுக்காதீக. யாரும் குடுக்காதீக."

"மேடம், இது கமிட்டி ஆர்டர்" என்றார் கம்பெனி ஆள்.

"ஆர்டர் போட்டவுகளுக்கு நுரையீரல்ல கட்டி இருக்கா? எனக்கு இருக்கு. இந்தா, இவளுக்கு இருக்கு. தங்கச்சி, இங்கன வா. வந்து எல்லாருக்கும் சொல்லு."

நான் சொன்னேன். ஆய்வரங்குகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். இப்படி நாக்கு ஒட்டியதில்லை. சொல்லி முடித்ததும் யாரும் அழவில்லை. ஒரு அம்மா மாத்திரை அட்டையை ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டார். அதைப் பார்த்து எல்லாரும் அப்படியே செய்தார்கள். "இப்ப எடுத்துப் பாரும்யா" என்றாள் ஜெபமணி. சொன்னதோடு இருமத் தொடங்கினாள். இருமல் நிற்க நேரமாயிற்று.

அக்கா கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினாள். ஆஸ்பத்திரிக்குள்! எல்லாரையும் டாக்டர் விமலாவின் ஓ.பி. வாசலில் தரையில் உட்கார வைத்தாள். மாத்திரை குறைத்துக் குறைத்து நிறுத்தப்படும் என்று எழுத்தில் வராமல் எழுந்திரிப்பதில்லை என்றாள். காவலாளி வந்தார், கண்காணிப்பாளர் வந்தார். அத்தான் கடைக்கு ஓடி எல்லாருக்கும் மோர் வாங்கி வந்தார். சவரிமுத்து மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நடுவில் ரகுநந்தன் போன். "நோயாளிகளைத் தூண்டி விடறீங்களா? உங்க வேலை என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார். சத்தமாப் பேசுங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்று ஸ்பீக்கரில் போட்டேன். போன் கட்டாகிவிட்டது.

டாக்டர் விமலா வெளியே வந்து, தரையில் அவர்களோடேயே உட்கார்ந்து, குழுத் தலைவருக்கும் கம்பெனிக்கும் மாறி மாறிப் போன் செய்தார். கம்பெனிக்காரரிடம் அவர் சொன்னது எனக்கு மறக்காது: "மாத்திரை வரலைன்னா இவங்க இங்கேயேதான் படுப்பாங்க. நான் எழுப்ப மாட்டேன். ஒவ்வொருத்தரையும் படம் எடுத்து உங்க எம்.டி.க்கு அனுப்புவேன்."

மாலை ஆர்டர் மாறி வந்தது. புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. சாப்பிடுகிறவர்களுக்குச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். குறைக்கும்போதே கீமோ. வாரம் தவறாமல் ரத்தப் பரிசோதனை.

அக்கா எழுந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. கை கொடுத்தேன். தட்டிவிட்டு அத்தான் கையைப் பிடித்து எழுந்தாள்.

மே 21

எனக்கு இடமாற்றம். நிறுவன நூலகக் குழு. நூலகத்தில் பதினைந்து வருடத்து ஆய்வேடுகளைத் தூசி தட்டி அடுக்க வேண்டுமாம். எலிக்கூடத்துக் கதவு என் அட்டைக்குத் திறப்பதில்லை.

திட்டிக்கொண்டே அடுக்கினேன்.

ஜூன் 17

ரகுநந்தனின் கட்டுரை வெளிவந்துவிட்டது. மருந்தை நிறுத்திய எலிகள் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆசிரியர் வரிசையில் என் பெயர் இருக்கிறது. என் பெயரை எடுங்கள், அல்லது என் எலிகளைப் போடுங்கள் என்று இதழுக்கு எழுதினேன். விசாரிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. ரகுநந்தன் லிஃப்டில் என்னைப் பார்த்து இறங்கிப் படியில் போகிறார். அவருக்கும் மூட்டு வலி உண்டு. நன்றாக ஏறட்டும்.

ஜூலை 9

அக்காவுக்கு ஸ்கேன். மாத்திரை முழுவதும் நின்ற பிறகு எடுத்தது. பழைய இரண்டு இடங்களும் அப்படியே. புதிதாக ஒன்றும் இல்லை. கீமோ தொடர்கிறது, முடி மறுபடி போய்விட்டது. "அப்படியே"தான் இப்போதைக்கு நல்ல செய்தி என்றார் டாக்டர் விமலா. மற்றவர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தானாம்.

ஜெபமணிக்கு அப்படியில்லை. நுரையீரல் முழுக்க.

"அந்த ஓய்வு மாசத்தாலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒரு ஆளை வைச்சுச் சொல்ல முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். நோய் தானாவும் இப்படிப் போகும்." பேனாவை மூடினார். "ஆனா நான் தினமும் அதைத்தான் நினைக்கிறேன். நீங்க?"

எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 22

கோவில்பட்டி. ஜெபமணி நேற்றுக் காலை போய்விட்டாள். கீமோ போட்ட உடம்போடு கூட்டத்தில் போகக்கூடாது என்று எல்லாரும் தடுத்தும் அக்கா கேட்கவில்லை. "நீ கார் எடு" என்றாள் என்னிடம். மே மாதத்துக்குப் பிறகு அவளாக என்னிடம் கேட்ட முதல் உதவி.

சாத்தூரில் கோயில் தெருவுக்குள் கார் போகாது, முக்கில் நிறுத்தினேன். அடக்கம் முடிந்து வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. தையல் மிஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. யாருக்கோ தைத்த ஜாக்கெட் ஒன்று கொக்கி வைக்காமல் அதன்மேல் கிடந்தது.

சவரிமுத்து என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒங்களுக்காகத் தெனமும் ஜெபம் பண்ணுவா டாக்டரம்மா. ஒங்க மருந்துலதான் மக கல்யாணத்த நின்னு பாத்தா. இல்லன்னா அதுக்கு முந்தியே போயிருப்பா. கர்த்தர் ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்கக்கூடாது."

மகள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். சூடாக இருந்தது, நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

காரில் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். அக்கா கையை நீட்டிச் சாவியைத் திருப்பி நிறுத்தினாள்.

"அந்த மனுசன் சாமியக் கும்பிடுதாரு, ஒன்னக் கும்பிடுதாரு. நீ காப்பியக் குடிச்சிட்டு வார."

"இப்ப போய் என்னத்தக்கா சொல்ல? எழவு வீட்டுல. உறுதியாச் சொல்லவும் முடியாது. இதனாலதான்னு நிரூபணம் இல்ல."

"நிரூபணம் இல்லன்னும் சேத்துச் சொல்லு. தெரிஞ்சத தெரிஞ்ச மாதிரி சொல்லு, தெரியாதத தெரியாதுன்னு சொல்லு."

"அவர் என்மேல கோவப்படுவாரு."

"படட்டும். யாரு மேல கோவப்படணும்னு அவருக்குத் தெரிய வேண்டாமாட்டி? இத்தன மாசமா நீ எல்லாரையும் வாய்க்கு வந்தபடி வஞ்சிட்டே. ஒந் தலைவர வஞ்சே, கம்பெனிய வஞ்சே, ஒங்க அத்தான வஞ்சே. அந்த ஆளுக்கும் வைய ஒரு ஆள் வேணும்லா? பொண்டாட்டிய மண்ணுல வச்சிட்டு வந்து கும்பிட்டுக்கிட்டு நிக்காரு."

அவள் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு கண்ணாடியை இறக்கினாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. புருவம்கூட இல்லை அவளுக்கு இப்போது.

"நான் இங்கன இருக்கேன். எம்புட்டு நேரமானாலும் இருக்கேன். போ."

இறங்கினேன். வாசலில் செருப்புகள் கலைந்து கிடந்தன. சவரிமுத்து என்னைப் பார்த்துவிட்டு, எதையோ மறந்து வைத்துவிட்டேன் என்று நினைத்து, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல அண்ணாச்சி. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உக்காருங்க."